இரவு 2 மணிக்கு எழுப்பும் சூடு

(மகளிர் நலம் – கேள்வி பதில். பதில் சொல்பவர்: கும்பகோணத்தில் 30 வருடமாக மகப்பேறு மருத்துவம் பார்க்கும் டாக்டர்)

கேள்வி: எனக்கு 48 வயது. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகிறது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி, வியர்வையில் துணி நனைந்துவிடுகிறது. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர் வரும் என்கிறார்கள். இயற்கையாகவே சமாளிக்க வழி உண்டா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: எனக்கு இது 49 வயதில் வந்தது. சாயங்கால ஓ.பி.யில் ஒரு பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்; என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படரும். முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் கழுத்து வழியாக வியர்வை ஓடும். மூன்று நிமிஷம்தான். ஆனால் ஒரு நாளில் எட்டு தடவை வந்தால் மனுஷி என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

இதை நம் வீடுகளில் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள். குடியுங்கள், தப்பில்லை. ஆனால் கோளாறு வயிற்றில் இல்லை, மூளையில் இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ள மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஓர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அதற்குப் பொறுமை போய்விடுகிறது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாத ஒரு சின்ன வெப்ப ஏற்றத்துக்கும் இப்போது பதறிப்போய் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது.

அப்படியானால் அந்தச் சின்ன ஏற்றங்களைக் குறைத்துப் பார்க்கலாம். நான் டைரியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாரம் குறித்து வைத்தேன்: எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன். நாலு மணி டபரா காபிக்கு அப்புறம் கட்டாயம் ஒன்று. ராத்திரி பத்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்க ரசம் சாதம் சாப்பிட்ட நாட்களில் நடு ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று. சாயங்காலக் காபியை விட்டேன், சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்தேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை வந்தது ஐந்தானது. உங்களுக்கு எது கிளப்பிவிடுகிறது என்று நீங்களும் எழுதிப் பாருங்கள். தைக்கிற இடத்தில் பக்கத்திலேயே அயர்ன் பாக்ஸ் சூடாக இருக்குமே, அதை ஜன்னலோரம் நகர்த்துங்கள். சிந்தெடிக் நைட்டியை மடித்து வைத்துவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும். எனக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்காது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தைப் பற்றிய மருத்துவ அமைப்பான வட அமெரிக்க மெனோபாஸ் சொசைட்டி 2023-ல் ஹார்மோன் இல்லாத வழிகளையெல்லாம் அலசிப் பார்த்தது. எடை அதிகமுள்ளவர்கள் எடை குறைப்பது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிச் சமாளிக்கச் சொல்லித் தரும் சிபிடி என்ற பயிற்சியை மனநல ஆலோசகரிடம் எடுப்பது, இவற்றால் பலன் உண்டு என்றது. யோகா, உடற்பயிற்சி, சோயா, மூச்சுப் பயிற்சி ஆகியவை சூட்டைக் குறைப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அதற்காக யோகாவை விட்டுவிடாதீர்கள். தூக்கத்துக்கும் மனசுக்கும் அது நல்லது. சூடு நிற்கவில்லையே, நாம் ஒழுங்காகச் செய்யவில்லையோ என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையில் மார்பகப் புற்றுநோய் சற்றே கூடியது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அப்புறம் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, தொந்தரவு கடுமையாக இருந்தால் நன்மைதான் அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் நோய் வந்தவர்களுக்கு இது ஆகாது. ஆகவே முதலில் இயற்கை வழியில் மூன்று மாதம் முயற்சி செய்யுங்கள். தூக்கம் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் மாத்திரை கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன.

அதற்கு முன் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர் நான்கையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு, இதே வியர்வை. அப்புறம், எட்டு மாதம் என்பது இன்னும் கணக்கு முடியாத காலம். முழுதாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் 50 வயதுக்குள் நின்றால், கடைசி மாதவிலக்கிலிருந்து இரண்டு வருடம் வரை கர்ப்பத் தடுப்பை விட வேண்டாம். 47 வயதில் ‘நின்றுபோச்சு’ என்று நினைத்து நாலு மாதக் கர்ப்பத்தோடு வந்து என் முன்னால் அழுத பெண்ணை நான் மறக்கவில்லை.

எலும்பு விஷயத்தில்தான் இயற்கை வழி நிஜமாகக் கை கொடுக்கிறது. இனி வரும் ஐந்தாறு வருடத்தில் எலும்பு வேகமாகத் தேயும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி உங்களுக்குத் தினமும் 1,200 மி.கி. கால்சியம் தேவை. இரண்டு டம்ளர் பாலோ அதே அளவு தயிரோ 480 தரும். அரை டம்ளருக்குக் குறையாமல் கேழ்வரகு மாவு எடுத்துக் களியோ அடையோ செய்தால் 170 கிட்ட வரும். மிச்சத்துக்கு முருங்கைக்கீரை, எள்ளுப் பொடி, நெத்திலி. உளுந்தங்களி இடுப்புக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதை நானும் மதிக்கிறேன். உளுந்தின் புரதமும் நல்லெண்ணெயும் நல்ல ஆகாரம்தான். ஆனால் களி தின்றுவிட்டு மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எலும்பு பலப்படாது. ஒவ்வொரு ஜாக்கெட் முடிந்ததும், கையை ஊன்றாமல் ஸ்டூலிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள். முதல் வாரம் தொடை வலிக்கும். வலிக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று ஐந்து வருடம். உடம்பு எரிச்சலுக்கும் மூட்டு வலிக்கும் வாட்ஸ்அப்பில் பார்த்து ஒரு மூலிகைப் பொடியைக் கூரியரில் வரவழைத்து மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். வலி போன இடம் தெரியவில்லை. பசியும் நன்றாக எடுக்கிறது. முகம் மட்டும் உப்பியிருக்கிறது. போன வாரம் லேசாக ரத்தக்கறை பட்டது. ‘பொடி கர்ப்பப்பையைச் சுத்தம் செய்கிறது’ என்கிறார். சரிதானா?
– வாசகி, தேனி

பதில்: சரியில்லை. இந்த வாரமே அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் சவ்வு மெலிந்ததாலோ சின்னச் சதை வளர்ச்சியாலோ இருக்கும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடக்கூடிய நோய் அது. ஸ்கேனில் உள்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சதைப் பரிசோதனைக்குச் சொல்வார்கள். பயந்துகொண்டு தள்ளிப் போடாதீர்கள்.

பொடியைப் பற்றி. மந்திரம் போட்டதுபோல் வலி போவது, பசி, முகம் உப்புவது மூன்றும் சேர்ந்தால் எனக்கு ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அப்படி இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பிரஷர் இறங்கி மயக்கம் வரும். பாக்கெட்டோடு இன்றோ நாளையோ ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்த மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவர் நாடி பார்த்து எழுதித் தருகிறார். தயாரித்தவர் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத பாக்கெட்டை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 51 வயது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ஆறு மாதமாகத் தனியாகப் படுக்கிறார், நெருங்க விடுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.
– வாசகர், திருப்பூர்

பதில்: கோபப்படாமல் கேட்டு எழுதினீர்களே, அதற்கு நன்றி. நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு வலிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பில் ஈரம் வற்றி, உறவு என்றாலே கண்ணாடித் தூள் உரசுவதுபோல் இருக்கும். பல பெண்கள் இதைப் புருஷனிடம்கூடச் சொல்வதில்லை; என் அறையில் கதவைச் சாத்திய பிறகுதான் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் ஓரளவு உதவும், ஆணுறை போடும்போது மட்டும் கூடாது. அந்த இடத்தில் மட்டும் வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. சில வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும்.

தனியாகப் படுப்பது சூட்டினாலும் இருக்கலாம். ஃபேனுக்கு நேர்கீழ் இடத்தை அவருக்குக் கொடுங்கள். ராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டிருந்தால் அது மனச்சோர்வு (டிப்ரஷன்), அதற்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள். வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்காமல், அவருக்குச் சம்மதம் என்றால் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்.