களரிக்குள் நடந்ததற்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. களரி என்ற பயிற்சிக் கூடத்தில் அடிமுறைத் தற்காப்புக் கலை படிக்கிறான். எண்ணெய் போட்டுத் தடவும்போது உதவி ஆசான் தகாத இடத்தில் பலமுறை தொட்டதாகச் சொல்லி அழுதான். பெரிய ஆசானிடம் போனோம். "அவனை அனுப்பியாச்சு. போலீசுக்குப் போனா பையன் பேரும் களரி பேரும் கெடும்" என்கிறார். இதோடு விட்டுவிடலாமா?
– ஒரு தாய், தக்கலை வட்டாரம்

பதில்: விடாதீர்கள், அம்மா. அனுப்பப்பட்டவர் நாளைக்கே பக்கத்து ஊர்க் களரியில் சேர்ந்துவிடலாம். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரிய ஆசானுக்கு இதை மூடி மறைக்கும் உரிமை கிடையாது. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆளை வேலையைவிட்டு நீக்கியதால் அந்தக் கடமை தீராது. புகார் கொடுக்கும்போது அவரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் நிர்வாகம் தப்பித்துவிடுகிறது.

"துணிக்கு மேலேதான் கை பட்டது", "தடவல் என்றால் அப்படித்தான்" என்றெல்லாம் சொல்வார்கள். தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021-லேயே தள்ளிவிட்டது. பாலியல் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. ஆண் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். பொறுப்பில் இருப்பவர் பாலியல் நோக்கத்தோடு தொட்டிருந்தால், உடலுக்குள் ஊடுருவல் இல்லாவிட்டாலும், 5 முதல் 7 ஆண்டு சிறை.

இப்போது செய்ய வேண்டியது: மகன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். வீட்டில் பலர் மாறி மாறிக் கேட்டால் பிள்ளை குழம்பிப் போவான், பிறகு 'சொல்லிக் கொடுத்தது' என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அண்மையில் நடந்திருந்தால், அன்று உடுத்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், உள்ளூர்க் காவல் நிலையத்திலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ வாய்மொழியாகவே சொல்லலாம். அவர்கள் எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கை நகல் இலவசம். மகனை நிலையத்துக்குக் கூட்டிப் போகத் தேவையில்லை. சீருடை போடாத அதிகாரி வீட்டுக்கே வந்து, நீங்கள் கூட இருக்கும்போது வாக்குமூலம் வாங்க வேண்டும். அவன் பெயரையோ அடையாளத்தையோ ஊடகம் வெளியிட்டால் அது தனிக் குற்றம். ஆகவே 'பேர் கெடும்' என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே காவல் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கவும் சம்மதிக்காதீர்கள். ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கு, குடும்பத்தாரோடு சமரசம் ஆனதைக் காட்டி ரத்து செய்யப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

கேள்வி: போட்டிக்காகத் திருவனந்தபுரம் போன இடத்தில் மகளுக்கு இப்படி நேர்ந்தது. எங்கே புகார் கொடுப்பது?
– களியக்காவிளை வாசகர்

பதில்: உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே கொடுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கையான 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிந்து கேரளத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. எல்லை தாண்டிய விஷயம் என்று மறுக்க முடியாது. மருத்துவப் பரிசோதனைக்காக வழக்குப் பதியும்வரை காத்திருக்காதீர்கள்; மகளைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், நீங்கள் உடன் இருக்கலாம்.

கேள்வி: மகளைக் கராத்தேயில் சேர்க்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?
– கருங்கல் வாசகர்

பதில்: எல்லா மாஸ்டர்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2020 போக்சோ விதிகள் விளையாட்டுப் பயிற்சிக் கூடங்களையும் பெயர் சொல்லியே இதில் சேர்த்திருக்கின்றன. அதுவும் ஒருமுறை அல்ல, அவ்வப்போது. கதவடைத்த தனி வகுப்பு, பெற்றோர் பார்க்கக் கூடாது என்ற விதி, மாஸ்டர் பிள்ளைக்குத் தனியாக அனுப்பும் செய்தி, வெளியூரில் ஒரே அறையில் தங்கல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் சேர்க்காதீர்கள். பிடியும் பூட்டும் சொல்லித்தரத் தொடத்தான் வேண்டும். அதை எல்லார் முன்னாலும், சொல்லிவிட்டுத் தொடலாம். தடவல் தேவைப்பட்டால் பெற்றோரில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு முகம் சுளிக்கும் ஆசானிடம் பிள்ளையை விடாதீர்கள்.