கல்லூரி மெய்வல்லுநர் பயிற்றுநர் வேலை: மலையகத்தில் இதை நம்பி இறங்கலாமா?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 21. உயர்தரம் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பாடசாலைக் காலத்தில் 1,500 மீற்றரில் மாகாண மட்டம் வரை போனவர். இப்போது, படித்த கல்லூரியிலேயே பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அதிபர் எப்போதாவது பஸ் காசு கொடுப்பாராம். “இதையே தொழிலாக்க முடியுமா சேர்? என்ன படிக்க வேண்டும்? வீட்டில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பைக் சப்பாத்து வாங்கச் சொல்லலாமா என்பதையும் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. ஆனால் ‘பயிற்றுநர்’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மலையகத்தில் அடுப்பெரிவது கஷ்டம். வெளியிலிருந்து பயிற்றுநரை அழைத்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோதான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். கண்டி, கொழும்புப் பெரிய கல்லூரிகளில் அதற்கு வசதி இருக்கிறது. தோட்டப்புறத்துக் கல்லூரியில் பழைய மாணவர் சங்கம் கூரைத் தகரம் மாற்றவே பணம் சேர்த்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் உடற்கல்வி ஆசிரியர் நியமனம், அதன் மேல் பயிற்றுநர் வேலை. நான் பார்த்தவரை பத்துப் பதினைந்து வருடம் இந்தத் துறையில் தாக்குப்பிடித்தவர்கள் அநேகமாக இந்த வழியில் வந்தவர்கள்தான்.

வழி இரண்டு. ஒன்று தேசிய கல்வியியற் கல்லூரி. மூன்று வருடப் பயிற்சி, கடைசி வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயில்வு. உங்களுக்குப் பக்கத்தில் பத்தனை ஸ்ரீபாத இருக்கிறது என்றாலும், உடற்கல்விப் பாடநெறியை எந்தக் கல்லூரி எந்த மொழியில் நடத்துகிறது என்பதை அந்தந்த வருட வர்த்தமானியில் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வயதெல்லை உண்டு, குறிப்பிட்ட வருடங்களில் உயர்தரம் எழுதியவர்களிடம்தான் விண்ணப்பம் கோருவார்கள். ‘அடுத்த முறை பார்ப்போம்’ என்று விட்டால் அடுத்த முறை உங்களுக்கு இருக்காது. இரண்டாவது, பல்கலைக்கழகம். பெலிஹுலோயாவில் இருக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கான பட்டப்படிப்பு இருக்கிறது. இசட் புள்ளி போதுமா என்று பாருங்கள். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் இப்போதிருந்தே ஆங்கிலத்தைக் கொஞ்சம் தூசு தட்டுங்கள்.

பயிற்றுநர் சான்றிதழ்களை அதற்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கொழும்பில் விளையாட்டு அமைச்சின் கீழுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் பயிற்றுநர் பாடநெறிகளை நடத்துகிறது. உலக மெய்வல்லுநர் சம்மேளனத்தின் முதலாம் மட்டப் பாடநெறி இலங்கை மெய்வல்லுநர் சங்கத்தின் ஊடாக வரும். பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர் பதவியும் இருக்கிறது; வர்த்தமானியில் ஒரு கண் இருக்கட்டும்.

சரி, வேலை கிடைக்கும் வரை என்ன செய்வது? நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் பக்கத்தில் ஒரு பயிற்றுநருக்குப் பெயர் வாங்கித் தருவது அவர் எழுதி வைக்கும் கொப்பி. ஒரு பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போய்விட்டால் பெரிய கல்லூரி ஒன்று வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். பத்திரிகையில் உங்கள் பெயர் வராது. ஆனால் 14 வயதில் அந்தப் பிள்ளை என்ன நேரம் ஓடியது, எந்த மாதம் எவ்வளவு முன்னேறியது என்பது உங்கள் கையில் இருந்தால், நேர்முகப் பரீட்சையில் அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

எழுதி வைக்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கையால் அமத்தும் கடிகார நேரமும் மின்னணு நேரமும் ஒன்றில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு நம் விரல் பிந்தித்தான் அமத்தும். அதனால் 100, 200 மீற்றருக்குக் கை நேரத்தோடு 0.24 விநாடியையும், 400 மீற்றருக்கு 0.14 விநாடியையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். உங்கள் மைதானத்தில் 11.4 ஓடிய பையன் கண்டி போகம்பறை மைதானத்தில் மின்னணுவில் 11.64 ஓடினால் அவன் சோரவில்லை, அதே ஓட்டம்தான் ஓடியிருக்கிறான். இதைத் தெரியாமல் பிள்ளையை ஏசுகிற பெற்றோரையும் மாஸ்டர்மாரையும் நிறையப் பார்த்தாயிற்று.

அப்புறம் மைதானம். நம் பாடசாலைகளில் 400 மீற்றர் ஓட்டச் சுவடு போட இடமே கிடையாது. 200 மீற்றர் போடலாம். நேர்ப் பக்கங்கள் இரண்டும் 50 மீற்றர் என்றால் வளைவு இரண்டும் சேர்ந்து 100 மீற்றர். சுண்ணாம்புக் கோடு மட்டும் போடும்போது, பிள்ளை கோட்டிலிருந்து 20 சென்றிமீற்றர் தள்ளி ஓடுவதாகத்தான் தூரத்தை அளப்பார்கள். அதனால் வளைவின் மையத்தில் ஆணியடித்துச் சுற்றிக் கோடு போடும் கயிற்றின் நீளம் 15.92 இல்லை, 15.72 மீற்றர். நனைந்த நைலோன் கயிறு இழுபடும். அளவு நாடாவையே ஆணியில் மாட்டிச் சுற்றுங்கள்.

பெரிய பிழை நடப்பது வெளி லேன்களின் தொடக்கக் கோட்டை முன்தள்ளும்போது. லேன் 1.22 மீற்றர் அகலம் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு லேனும் 7.67 மீற்றர் முன்னால் போக வேண்டும். மைதானம் பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. அகலத்தை இரண்டு பை (2π) ஆல் பெருக்கினால் வருவது அது. ஆனால் 200 மீற்றர் ஓட்டம் பெரிய மைதானத்தில் அரைச் சுற்று, உங்கள் மைதானத்தில் முழுச் சுற்று. புத்தகத்தில் 400 மீற்றர் சுவட்டுக்குப் போட்டிருக்கும் 3.52 மீற்றரைப் பார்த்து அப்படியே கோடு போட்டால், இரண்டாம் லேன் பிள்ளை நான்கு மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓடும். இல்ல விளையாட்டுப் போட்டியில் ‘நடுவர் பக்கச்சார்பு’ என்று வரும் சண்டையில் பாதிக்குக் காரணம் இந்தச் சுண்ணாம்புக் கோடுதான்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘மலைப் பிள்ளைகள், மூச்சு இயல்பிலேயே இருக்கும், தூர ஓட்டத்தில் போடு’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஹட்டன் 1,200 மீற்றரைக் கொஞ்சம் தாண்டும், நுவரெலியா 1,868 மீற்றர். இரத்தத்தில் சிவப்பணு கூடுவதற்காக உயரத்தில் தங்கிப் பயிற்சி எடுப்பவர்கள் பொதுவாக 2,000 மீற்றருக்கு மேலேதான் போகிறார்கள். நம் உயரம் தருவது கொஞ்சம்தான். ஏற்றத்தில் பாடசாலைக்கு நடந்து வரும் கால் தருவது அதைவிட அதிகம். தோட்டத்துப் பிள்ளையில் வேக ஓட்டக்காரியும் இருப்பாள், குண்டு எறிபவளும் இருப்பாள். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைட் கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர். எல்லோரையும் 5,000 மீற்றருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இறக்கத்தில் வேகமாக ஓட விடுவதைக் குறையுங்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலையும் முன்னங்காலையும் வாங்கும். ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை 14, 15 வயதில் திடீரென்று பின்தங்கினால், ‘சோம்பல்’ என்று சொல்லுமுன் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். நம் வீடுகளில் காலையில் ரொட்டி, சம்பல், கூடவே தேத்தண்ணி. தேயிலையிலுள்ள சேர்வைகள் சாப்பாட்டில் வரும் இரும்புச்சத்தை உடல் எடுக்க விடாமல் தடுக்கும். தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள், தோட்டத்தில் அது நடக்காத காரியம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள், அது நடக்கும். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது. இரும்பு மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் இப்போது அங்கே ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. அதிபரிடம் எழுத்தில் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். பெண் பிள்ளைகளின் பயிற்சியில் பொறுப்பாசிரியை ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும். இல்லாத நாளில் பயிற்சி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் நம் பக்கம் மோசம். இடி கேட்டால் உடனே எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடியிலிருந்து அரை மணித்தியாலம் வெளியே விட வேண்டாம். வலய மட்டம் நாளைக்கு என்றாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொழும்புக் கடை வேலை பற்றி: வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன், மாதச் சம்பளத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். கல்வியியற் கல்லூரி விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம் இரண்டும் போய் முடிவு வரும் வரை அவகாசம் கேளுங்கள். ஒன்றுமே சரிவராவிட்டால் கண்டியிலோ ஹட்டன் டவுணிலோ வேலை எடுங்கள். கொழும்பு போனால் மைதானம் போய்விடும்.

ஸ்பைக்? 16 வயதுக்குக் கீழே, புல் மைதானத்தில் பழகும் பிள்ளைக்கு அவசரமில்லை. சாதாரணக் கன்வஸ் சப்பாத்து போதும். மாகாண மட்டத்துக்குத் தெரிவான பிள்ளைக்கு மட்டும் வாங்கச் சொல்லுங்கள், அதுவும் ஆணி கழற்றி மாட்டக்கூடிய வகையாக. செயற்கைச் சுவட்டில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, உயரம் பாய்தலுக்கும் ஈட்டிக்கும் 12 வரை போகலாம். நம் ஈரப் புல்லுக்கு மாட்டிய நீள ஆணியோடு போகம்பறைக்குப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். முதல் நாளே மாற்றிவிடுங்கள், கழற்றும் சாவியை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் அது தொலைந்த மாதிரித்தான்.