நோத்ர்-தாமில் ஆர்கன் கச்சேரி: எங்கே உட்காருவது, எதைக் கேட்பது?

கேள்வி: அடுத்த மாதம் பாரிஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன். நோத்ர்-தாம் பேராலயத்தில் ஒலிவியே லாத்ரியின் ஆர்கன் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். எனக்குக் கர்நாடக சங்கீதம் கேட்டுத்தான் பழக்கம். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் 'இம்ப்ரொவிசேஷன்' என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்த இடத்தில் டிக்கெட் எடுக்கலாம்? அந்தக் கடைசி உருப்படியை எப்படிக் கேட்பது?

பதில்: டிக்கெட் எடுக்கும் முன் ஒரு விஷயம். பெரிய ஆர்கன் (காற்றைச் செலுத்திக் குழாய்களை ஒலிக்க வைக்கும் கருவி) இருப்பது மேற்கு வாசலுக்கு மேலே, வட்டக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னாலுள்ள மாடத்தில். நாற்காலிகள் வழக்கமாகக் கிழக்கே பீடத்தைப் பார்த்துக் கிடக்கும். வாசிப்பவருக்கு முதுகைக் காட்டியபடிதான் கேட்பீர்கள். எல்லோரும் முந்திக்கொண்டு பிடிக்கும் முன்வரிசைதான் ஆர்கனுக்கு மிகத் தொலைவு.

இது ஏன் முக்கியம் என்றால், கட்டடம் சுமார் 128 மீட்டர் நீளம், உள்ளே ஒரு ஒலி முழுக்க அடங்க 5, 6 விநாடி பிடிக்கும். தள்ளிப் போகப் போக நேரே வரும் ஒலி குறைந்து, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி ஓங்கும். வேகமான சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்காக மாடத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம், ஒலி தலைக்கு மேலாகப் போய்விடும். வாசலிலிருந்து சுமார் 25 முதல் 40 மீட்டருக்குள், நடுப்பாதையை ஒட்டிய இடம் கிடைத்தால் விடாதீர்கள். தூண் மறைவில் உட்கார்ந்தால் மேல்ஸ்தாயி மங்கும்.

திரை வைத்து வாசிப்பவரின் கை கால்களைக் காட்டினால், விரல் முந்தியும் ஒலி பிந்தியும் வருவதுபோல் இருக்கும். 60 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 0.17 விநாடி ஆகிறது, அவ்வளவுதான் காரணம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது நல்லது.

கருவியைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். கைக்கு ஐந்து கட்டை வரிசைகள், காலுக்கு ஒன்று, 115 ஸ்டாப்புகள், ஏறக்குறைய 8,000 குழாய்கள். ஸ்டாப் என்பது ஒரு குழாய்த் தொகுதியை ஒலிக்க விடும் இழுப்புக் குமிழ், ஒவ்வொன்றும் ஒரு தனி நாதம். கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி அதிகமாகாது, காற்றின் அழுத்தம் மாறாது. சத்தம் ஏற வேண்டுமானால் ஸ்டாப்புகளைச் சேர்க்க வேண்டும், அல்லது ஒரு பகுதிக் குழாய்களை அடைத்து வைத்திருக்கும் பெட்டியின் கதவுப் பலகைகளைக் கால் மிதியால் திறக்க வேண்டும். ஸ்டாப் சேர்த்தால் ஒலி படிப்படியாக ஏறும், பெட்டியைத் திறந்தால் வழுக்கிக்கொண்டு வளரும். இந்த வித்தியாசம் காதில் பிடிபட்டால் பாதிக் கச்சேரி புரிந்த மாதிரி. 32 அடி ஸ்டாப்பின் (பெயர் அதன் மிக நீண்ட குழாயின் அளவு) அடிச்சுரம் சுமார் 16 ஹெர்ட்ஸ். அதைக் காதைவிட நாற்காலிதான் முதலில் சொல்லும்.

இனி இம்ப்ரொவிசேஷன், அதாவது எழுதி வைக்காமல் அந்த நேரத்திலேயே கற்பனையாக வாசிப்பது. பிரெஞ்சு ஆர்கன்காரர்களுக்கு இது கச்சேரிக்காகக் கற்ற வித்தை அல்ல, வாராவாரம் செய்கிற வேலை. பூசையில் குருவானவர் பீடத்துக்கு நடந்து வரவும், காணிக்கை சேரவும், தூபம் காட்டவும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டித் தெரியாது. எழுதி வைத்த உருப்படி அந்த நேரத்துக்குள் அடங்காது. அன்றைய பாட்டின் மெட்டை எடுத்து வளர்த்து, சரியான இடத்தில் முடித்தாக வேண்டும். இதே மாடத்தில் லூயி வியேர்ன் 1900 முதல் வாசித்தார். 1937 ஜூன் 2 அன்று கச்சேரியின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. 1955 முதல் 1984 வரை பியேர் கொஷெரோ. அடுத்த ஆண்டு லாத்ரி நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. 2019 ஏப்ரல் 15 தீ விபத்தில் ஆர்கன் எரியவில்லை, ஈயத் தூசி படிந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, 2024 டிசம்பர் 7 திறப்பு விழாவில் அது மறுபடி ஒலித்தபோது ஆர்கனை விழித்தெழச் சொல்லிப் பேராயர் விடுத்த எட்டு அழைப்புகளுக்கும் ஆர்கன்காரர்கள் பதில் சொன்னது இம்ப்ரொவிசேஷனில்தான்.

கச்சேரியில் ஒரு கருமெட்டைக் கொடுப்பார்கள், சில நேரம் மூடிய உறையில். கிரகோரியன் பாடலாக (பழைய லத்தீன் தேவாலயப் பாடல்) இருக்கலாம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவும் இருக்கலாம். பெயரை அறிவித்தால் உடனே முணுமுணுத்து மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தொடக்கத்தில் ஒருமுறை தெளிவாக வாசித்துக் காட்டுவார்கள், அதைத் தவறவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம். கற்பனைஸ்வரத்தை எதிர்பார்க்காதீர்கள். இது நிரவலுக்குத்தான் கிட்ட வரும்: வரி அதேதான், சூழல் மாறிக்கொண்டே இருக்கும். மெட்டிலிருந்து மூன்று, நான்கு சுரத்தைப் பிய்த்துத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், தலைகீழாக்குவார்கள், ஒரு கையை மறு கை துரத்த விடுவார்கள். முடிவு நெருங்குகையில் இரண்டு கையும் வேகமாக ஓட, காலில் அதே மெட்டு நீண்ட சுரங்களாக எழும்பலாம். மேலே ஓடுவதை விட்டுவிட்டு அடியில் நடப்பதைக் கேளுங்கள்.

சில இடங்களில் அபசுரம் மாதிரி படும். இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தவர் லாத்ரி, அந்த வழிச் சுர அமைப்புகள் அவர் கையில் வரத்தான் செய்யும். மெஸ்ஸியானின் இரண்டாவது மோடு (அவர் வகுத்த சுர வரிசைகளில் ஒன்று), ராமப்ரியா ராகத்தோடு சாதாரண காந்தாரத்தையும் சேர்த்தால் வரும் எட்டுச் சுரம். அவற்றை வரிசையாக வாசிக்காமல் அடுக்கி ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவதால்தான் நம் காதுக்கு உறுத்துகிறது. வீட்டில் கீபோர்டு இருந்தால் போகும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கைதட்ட அவசரப்படாதீர்கள், கடைசி நாதம் கூரையில் கரையட்டும். பிறகு எழுந்து திரும்பி மாடத்தைப் பார்த்துத் தட்டலாம். ஃபோனில் பதிவு செய்து பயனில்லை: அது மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்ததைக் குறைத்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும், அடிச்சுரமும் பதியாது. பெரிய பையையோ பெட்டியையோ உள்ளே விடமாட்டார்கள், வைத்துப் போக இடமும் கிடையாது. குளிர்காலம் என்றால் கோட்டைக் கழற்ற வேண்டி வராது. பழைய தேவாலயங்களில் கழிப்பறையை நம்பிப் போக வேண்டாம். மெட்ரோ 4-ஆம் பாதையில் சித்தே நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.

முடிந்தால் அதற்கு முந்தைய ஞாயிறு காலை சான்-சுல்பீஸ் தேவாலயத்துப் பூசைக்குப் போய்வாருங்கள், டிக்கெட் தேவையில்லை. அங்கே இருப்பது ஆர்கன் செய்பவரான கவாயே-கோல் 1862-இல் முடித்த ஆர்கன். எந்த ஸ்டாப்புகள் எப்போது என்று நினைவில் வைக்கும் கணினி கிடையாது, அவற்றை இழுக்க உதவியாளர்கள் பக்கத்தில் நிற்பார்கள். பூசை முடிந்ததும் எழுந்து வெளியே நடக்கும் கூட்டத்தோடு நீங்களும் கிளம்பிவிடாதீர்கள், பெரிய வாசிப்பு அப்போதுதான் வரும்.