நவாஹோ கம்பளம்: குஞ்சத்தை விலக்கிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,
இங்கே ஒரு பழம்பொருள் கடையில் நவாஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் கம்பளம் விலைக்கு இருக்கிறது. சிவப்பு, கறுப்பு, சாம்பல். நடுவில் பெரிய சாய்சதுரம். இரு முனையிலும் குஞ்சம். நெசவுக்குள் அங்கங்கே சாய்வாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. அது பழுதா? வாங்கலாமா?
ரேவதி, ஃபீனிக்ஸ்

அன்புள்ள ரேவதி,

சாய்கோடு பழுதில்லை, நல்ல அறிகுறி. இடிப்பது குஞ்சம்தான்.

நவாஹோ தறி நிமிர்ந்து நிற்பது. இரு கம்புகளுக்கிடையே ஒரே நூலை அறுக்காமல் 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றிப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், போடுவார்கள். மேல் மடிப்புகளையும் கீழ் மடிப்புகளையும் முறுக்குக் கயிற்றால் பிணைத்த பிறகே தறியில் ஏற்றுவார்கள். பாவுக்கு வெட்டிய நுனியே கிடையாது. குஞ்சம் எங்கிருந்து வரும்? மூலைகளில் ஓரக் கயிற்றை முடிந்த சிறு கொத்து மட்டும் நிற்கும். மெக்சிகோவின் மிதிதறியில் நீளப் பாவை வெட்டித்தான் இறக்க வேண்டும். அதை முடிந்து குஞ்சமாக விடுவார்கள், அல்லது நுனிகளை உள்ளே செருகிவிடுவார்கள். செருகியிருந்தால் முனையை ஒட்டி ஓரிரு அங்குலம் விரலுக்குத் தடிப்பாகத் தட்டும்.

சாய்கோடு வருவது இப்படி: அகலமான கம்பளத்தில் நெசவாளர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பகுதியைப் படிப்படியாக உயர்த்திவிட்டு அடுத்த பகுதிக்கு நகர்வார். பக்கத்துப் பக்கத்துப் பாவில் ஊடை, அதாவது குறுக்கு நூல், திரும்பும் இடங்கள் சேர்ந்து கோடாகின்றன. ஊடையைச் சுமக்கும் நாடா கரைக்குக் கரை ஓடும் தறியில் இதற்குத் தேவையில்லை.

ஆகவே உங்கள் கம்பளத்தில் இரண்டு சாட்சிகளும் முரண்படுகின்றன. குஞ்சத்தின் அடியை விலக்கிப் பாருங்கள். பாவு நூலே நீண்டு தொங்கினால் விட்டுவிடுங்கள். ஜெர்மன்டவுன் எனப்படும் ஆலை நூலில் நெய்த பழைய துண்டுகளுக்குக் குஞ்சத்தைத் தனியாகத் தைப்பதுண்டு; அப்படியென்றால் மேற்கொண்டு சோதிக்கலாம். ஒரு முனையில் சில அங்குலம் ஊடை தளர்ந்திருக்கிறதா? இருந்தால் அதுவும் நவாஹோ தறியின் அறிகுறி. மேலே போகப்போகப் பாவு இறுகி, அடிக்கும் கட்டைக்கு இடமில்லாமல் ஊசியால் நிரப்பி முடிக்கும் இடம் அது.

வடிவத்தை நம்ப வேண்டாம். நீங்கள் சொல்வது அரிசோனாவின் கனாடோ என்ற ஊரின் பாணி. 1878இல் அங்கே வணிக நிலையத்தை வாங்கிய வணிகர் ஹப்பெல் ஊக்குவித்த சிவப்பு. அதிகம் நகலெடுக்கப்படுவதும் அதுதான். அந்தச் சிவப்பு ஈரத்தில் கசியலாம்: பின்பக்க மூலையில் நனைத்த வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். கறை பட்டால், வாங்கினாலும் வீட்டில் துவைக்காதீர்கள்.