சீரியல் முடிவதற்குள் அணைந்துவிடும் டி.வி.

கேள்வி: எங்கள் 43 அங்குல எல்.இ.டி. டி.வி. ஹால் ஷோகேஸுக்குள் இருக்கிறது. ராத்திரி சீரியல் பார்க்கும்போது தானாக அணைந்துவிடுகிறது. பின்பக்கம் தொட்டால் கொதிக்கிறது. அரை மணி ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் போர்டையே மாற்றச் சொல்கிறார். புதிதாக வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: போர்டை மாற்றச் சொன்னவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாராம்மா? கடிதத்தில் அதைக் காணோம். திறக்காமலே விலை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தினமும் ஒரே நேரத்தில் அணைகிறது என்றால் முதலில் மெனுவில் ஸ்லீப் டைமரைப் பாருங்கள். வெயில் நாளில் சீக்கிரமும் மழை நாளில் தாமதமாகவும் அணைந்தால் சூடுதான். ஒரு சாயங்காலம் டி.வி.யை வெளியே எடுத்து மேஜையில் வைத்து, பின்னால் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டுப் பாருங்கள். அணையாமல் ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் ஷோகேஸ்தான்.

டி.வி.யை அளந்து, இடைவெளியே இல்லாமல் பிளைவுட் அடித்துவிட்டு 'பார்க்க நீட்டா இருக்கு' என்பார்கள் நம் ஆசாரிகள். கீழ்த்துளையில் காற்று நுழைந்து மேல்துளையில் வெளியேறினால்தான் செட் ஆறும். அதற்கு வழியில்லாமல், கீழ்த்தட்டில் செட்டாப் பாக்ஸையும் வைத்துவிடுகிறோம். அதன் சூடும் மேலே ஏறும். கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் நான்கு அங்குலமாவது இடம் விடுங்கள். பின்பலகையில் பெரிதாக ஓட்டை போடச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடித் துளைகளில் அடைந்த தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். மெனுவில் படம் 'விவிட்' என்ற பளிச் முறையில் இருந்தால் மாற்றி, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டைக் குறையுங்கள். அந்தப் பளபளப்பு கடையில் நம்மைக் கவிழ்க்க வைத்தது.

வெளியே வைத்தும் அணைந்தால் கோளாறு உள்ளே. மூடியை நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லி, கூடவே நின்று பாருங்கள். நல்ல கண்டன்சரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டது பெரும்பாலும் பூரி மாதிரி உப்பியிருக்கும். சிலதில் பழுப்பாகக் கசிவும் தெரியும். மாற்றுவதற்குச் சில பத்து ரூபாய்ப் பொருள்தான், கூலி தனி. கொள்ளளவைச் சொல்லும் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, உடம்பில் 105 டிகிரி என்று அச்சு இருக்கவேண்டும். 85 டிகிரி சரக்கைப் போட்டால் சீக்கிரமே பழைய கதைதான்.

ஆனால் என் சந்தேகம் டிரை சோல்டர் மேல்தான், அதாவது ஈயப் பற்று விட்டுப்போவது. போர்டில் ஈயம் வைத்த பாகத்தின் கம்பிக்காலைச் சுற்றி முடி போல ஒரு விரிசல் ஓடியிருக்கும். சூட்டில் விலகும், ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். அரை மணி ஆறவிட்டால் ஓடுகிறது என்கிறீர்களே, அதற்கு இது பொருந்துகிறது. அந்தப் புள்ளிகளை மறுபடி பற்றவைத்தாலே போதும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் காலே அரித்துப்போவதும் உண்டு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் போர்டுதான் போச்சு என்றால், மாடல் எண்ணோடு போர்டில் அச்சிட்ட எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போங்கள். ஒரே மாடலுக்குள் வேறு வேறு போர்டு வருவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.