மெழுகில் முக்கி எடுத்த இலைகள் ஏன் வெளுத்து உரிகின்றன?

பழுத்துச் சிவந்த வாதாம் இலைகளை மெழுகில் முக்கித் தோரணம் கட்டினால், மெழுகு வெள்ளையாகத் தடித்து, இரண்டே நாளில் செதில் செதிலாக உரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மெழுகின் சூடு போதாததுதான் காரணம்.

கடையில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 58–60 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய கையோடு முக்கினால், இலை பட்டதுமே மெழுகு உறைந்து மேலே தோல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இலை லேசாக வளைந்தாலே அந்தத் தோல் கழன்றுவிடும். 75–80 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் போல இளகி, நரம்பு இடுக்கெல்லாம் ஓடி மெல்லிசாகப் படியும். தூக்கியதும் இலை நனைந்ததுபோல் இரண்டு மூன்று நொடி பளபளத்து, அப்புறம் மெல்ல மங்கி இறுகினால் பக்குவம் சரி. தூக்கும்போதே வெளுத்தால் இன்னும் சூடு வேண்டும். 90-ஐத் தாண்டவிடாதீர்கள், இலையின் சிவப்பு கருத்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும்; சமையலுக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சூடு சரியாக இருந்தும் உரிந்தால் ஈரம். உதிர்ந்த இலையைத் துடைத்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தினமும் தாளை மாற்றி மூன்று நாள் விடுங்கள். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. வளைத்தால் முறியவும் கூடாது. முறுமுறுவென்று காய்ந்த இலை மெழுகுக்குள்ளேயே உடையும். பச்சை இலையோ குமிழ் விட்டு, அந்த இடங்களில் பிறகு பழுப்புப் புள்ளி விழும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் உயரமான டின்னை இறக்கி உருக்குங்கள். 10 செ.மீ. அகல டின்னில் ஒரு கிலோ மெழுகு ஏறக்குறைய 16 செ.மீ. உயரம் நிற்கும். அதனால் காம்பு நீங்கலாக 13 செ.மீ.க்கு உட்பட்ட சின்ன இலைகளாகப் பொறுக்குங்கள். அரச இலையும் நன்றாக வரும். நான்கில் ஒரு பங்கு தேன்மெழுகு கலந்தால் பூச்சு வளைந்து கொடுக்கும், விரிசல் விடாது. லேசான மஞ்சள் ஏறும். சிவந்த இலைக்கு அது அழகுதான். மெழுகுவத்திக்குச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலம் இதற்கு வேண்டாம், கண்ணாடித் தன்மை போய்விடும்.

காம்பைப் பிடித்து முழுசாக முக்கி, இரண்டு நொடியில் தூக்குங்கள். டின்னுக்கு மேலேயே இருமுறை உதறி, நுனியில் திரளும் சொட்டை டின் விளிம்பில் தொட்டு எடுத்துவிடுங்கள். இதை விட்டால் நுனியில் வெள்ளைக் குண்டுமணி மாதிரி உறைந்து நிற்கும். பிறகு துணி கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒரு தடவை முக்கினாலே போதும். இரண்டாவது தேவைப்பட்டால் சூட்டை 70-க்கு இறக்கி ஒரே நொடி. அதிக நேரம் வைத்தால் முதல் பூச்சும் கரைந்து போகும்.

மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, எரியும் மெழுகு வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடுங்கள். அளவான மூடியைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். டின்னிலேயே உறையவிடுங்கள், அடுத்த முறை உதவும்.

தேன்மெழுகு கலந்த இலைகளில் சில வாரம் கழித்து வெள்ளைப் பொடி பூத்தாற்போல் படரலாம். அது கெட்டுப்போனதல்ல, ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்துச் சில நொடி காட்டினால் மறைந்துவிடும். தோரணத்தை வெயில் படாத சுவரில் கட்டுங்கள். பூஜை அறை வாசலில், விளக்குக்குப் பக்கத்தில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள்: மெழுகு ஏறிய இலை திரி போலப் பற்றிக்கொள்ளும்.