மைனஸ் 1.8 சதவீதம் பேருக்கு நோய் வருமா?

அன்புள்ள சார்,

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் 40 பேரின் கைகளைப் பார்த்தேன். 2 பேருக்குத் தோல் அழற்சி, அதாவது 5%. 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) போட்டால் மைனஸ் 1.8% முதல் 11.8% வரை என்று வருகிறது. மைனஸை அடித்துவிட்டு 0 என்று எழுது என்கிறாள் தோழி. அதே 40 பேரில் யாருக்கும் வீசிங் இல்லை. அங்கே திட்டப்பிழையே (மாதிரிக்கு மாதிரி விடை எவ்வளவு மாறலாம் என்ற அளவு) 0 ஆகிவிடுகிறது. அப்படியானால் அந்த முடிவு அவ்வளவு உறுதியா?

ச., குலசேகரம்

அன்புள்ள ச.,

கணக்கு சரிதான். 0.05-ஐ 0.95-ஆல் பெருக்கி, 40-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.0345. இதுதான் திட்டப்பிழை. 95% இடைவெளிக்கு அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.0675, அதாவது 6.75%. 5%-இலிருந்து அதைக் கழித்தால் மைனஸில்தான் போய் நிற்கும். சூத்திரத்தை அதற்கு ஒவ்வாத இடத்தில் போட்டதுதான் சிக்கல். நோய் உள்ளவர், இல்லாதவர் இரண்டு பக்கமும் ஐந்தோ பத்தோ பேராவது இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். உங்களிடம் இருப்பது 2.

தோழி சொன்னபடி செய்யாதீர்கள். கீழ் எல்லையை 0 ஆக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மேல் எல்லை 11.8 அப்படியே நிற்குமே? அதுவும் தவறுதான்.

1927-இல் எட்வின் பி. வில்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதையே தலைகீழாகக் கேட்டார். உண்மையான விகிதம் எவ்வளவாக இருந்தால், 40-இல் 2 என்பது நாம் ஆச்சரியப்படத் தேவையில்லாத முடிவாக இருக்கும்? கையில் கிடைத்த 5 சதவீதத்தை வைத்துத் திட்டப்பிழையைக் கணக்கிடாமல், சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு விகிதத்துக்கும் உரிய திட்டப்பிழையை எடுத்துக்கொள்கிறது அவர் முறை. உங்கள் எண்களைப் போட்டால் 1.4% முதல் 16.5% வரை வருகிறது. மைனஸ் போய்விட்டது. ஆனால் மேல் எல்லை எவ்வளவு ஏறியிருக்கிறது பாருங்கள். இந்த மாதிரிக் கணக்குகளுக்கென்றே உள்ள ஓப்பன்எபி (OpenEpi) இணையதளத்தில் இலவசமாகவே போடலாம். அங்கே நாலைந்து விடைகள் வரும்; வால்ட் என்று இருப்பதுதான் நீங்கள் கையால் போட்டது. அதை விட்டுவிட்டு வில்சனை எடுங்கள்.

வீசிங் விஷயத்துக்கு மனக்கணக்கே போதும். யாருக்கும் இல்லை என்றால் 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். 3/40, அதாவது 7.5%; இதுதான் 95% மேல் எல்லை. நூற்றுக்கு ஏழு பேர் வரை இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று அர்த்தம். 0 என்று மட்டும் எழுதினால் தேர்வாளர் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. எனக்கு இடைவெளியைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த 40 பேர் எங்கிருந்து வந்தார்கள்? நாலு தோட்டத்தில் பத்துப் பத்துப் பேர் என்றால், ஒரே தோட்டத்துக்காரர்கள் ஒரே கத்தி, ஒரே ஆசிட், ஒரே கையுறைப் பழக்கம் உள்ளவர்களாக இருப்பார்கள். மேலே சொன்ன சூத்திரங்கள் எல்லாமே ஒவ்வொருவரும் தனித்தனி என்று எண்ணிக்கொள்கின்றன. தோட்டத்துக்குள் இருக்கும் ஒற்றுமையை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.05 என்று சின்னதாக வைத்தாலும், ஒரு தோட்டத்துப் பத்துப் பேரில் ஒன்றைக் கழித்து, 1 + 9 × 0.05 = 1.45. 40-ஐ இதனால் வகுத்தால், கிட்டத்தட்ட 28 பேரைத் தனித்தனியாகப் பார்த்ததற்குச் சமம். இடைவெளி இன்னும் அகலும்.

அப்புறம், விடியுமுன் வெட்டத் தொடங்கி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து முடித்துவிட்டு வந்தவர்களைத்தானே பார்த்திருப்பீர்கள்? கை வெடித்து வேலையை விட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போயிருக்கலாம், வீட்டில் இருக்கலாம். இதை எந்த இடைவெளியும் காட்டாது. கடந்த ஓராண்டில் வெட்டை நிறுத்தியவர்கள் யார் யார் என்று தோட்டத்து மேஸ்திரியிடம் கேட்டு, அவர்களில் சிலரையாவது வீட்டில் போய்ப் பாருங்கள். நேரம் இல்லையென்றால், வேலையில் இருப்பவர்களை மட்டுமே பார்த்தோம் என்று அறிக்கையில் தெளிவாக எழுதிவிடுங்கள்.